போகிற போக்கில் 350 டாலர்

2006 செப்டம்பர். நியூஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியிருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான்கு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. சென்னைக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. காரை விற்றாயிற்று. மெத்தையை மாடி வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கரண்டை நிறுத்தச் சொல்லி எழுதியாயிற்று. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி: எனக்கும் மனைவிக்குமாக இருந்த இரண்டு செல்போன் இணைப்புகள். 2004 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்ட 2 வருட ஒப்பந்தம். கணக்குப்படி போன மாதமே முடிந்துவிட்டது. ஐந்து நிமிஷ வேலைதானே என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

ஐம்பது நிமிஷம் ஆனது. அதில் முக்கால்வாசி ஸாக்ஸபோன் இசை. கடைசியில் லைனில் வந்த பெண்மணி, மிகுந்த மரியாதையோடு, என் ஒப்பந்தம் 2008 மார்ச்சில்தான் முடிகிறது என்றார். எப்படி என்று கேட்டேன். மார்ச் மாதம் நான் 450 நிமிட பிளானிலிருந்து 900 நிமிட பிளானுக்கு மாறினேனாம். அன்றிலிருந்து புதிதாக 2 வருடம் தொடங்கிவிட்டதாம். பிளானை மாற்றியது உண்மைதான், போனிலேயே சொல்லி மாற்றினேன், ஆனால் ஒப்பந்தம் நீளும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது என்றார். குரல் பதிவு இருக்கிறதா என்றேன். குறிப்பு இருக்கிறது என்று மறுபடியும் சொன்னார். ஒரு இணைப்புக்கு 175 டாலர், இரண்டுக்கும் சேர்த்து 350. அன்றைய மதிப்பில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

"நான் போகிற ஊரில் உங்கள் சிக்னலே கிடையாதே, கிடைக்காத சேவைக்கு எதற்குக் காசு?" என்று கேட்டுப் பார்த்தேன். எந்த ஊர் என்றார். சென்னை என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு துறைக்கு மாற்றிவிட்டார். விலகிப் போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைப்பதற்கென்றே அங்கே ஒரு துறை உண்டு. ரிடென்ஷன் என்று பெயர். அங்கிருந்தவர், இருந்துவிட்டால் மூன்று மாதத்துக்குத் தலா 200 நிமிடம் இலவசம் என்றார். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு நியூஜெர்சி நிமிடங்களை வைத்து நான் என்ன செய்ய?

"ஏங்க, கட்டாமலே ஃபிளைட் ஏறிட்டா என்ன பண்ணிடுவாங்க?" என்றாள் மனைவி. அப்படி ஏறியவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். ஆனால் அந்த பாக்கி வசூல் ஏஜென்சியிடம் போகும், அங்கிருந்து கிரெடிட் ஸ்கோரில் கறையாக உட்காரும், என்றைக்காவது விசாவோடு திரும்பி வந்து வாடகைக்கு வீடு கேட்டால் அது முன்னால் வந்து நிற்கும். கட்டிவிட்டோம். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை.

அந்த 350 டாலரைவிட என்னை அதிக நாள் அரித்தது வேறொன்று. அந்தத் தொகை ஒரு மனிதனுக்கு வலிக்கும். ஆனால் வக்கீலைத் தேடிப் போகும் அளவுக்கு வலிக்காது. இந்த அளவு தற்செயலாக அமைந்ததா? அமெரிக்க செல்போன் கம்பெனிகளின் கதையைத் திரும்பிப் பார்த்தால், வெவ்வேறு பெயரில், வெவ்வேறு எண்ணில், இதே அளவு திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது.

இலவசமாகக் கொடுத்த போன்

நம் ஊரில் போன் ஒரு கடை, சிம் ஒரு கடை. சிக்னல் பிடிக்கவில்லை என்றால் சிம்மை உருவி எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொள்வோம். 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்த காலத்தைத் தவிர, போனையும் இணைப்பையும் ஒரே முடிச்சாகப் போடும் வியாபாரம் இங்கே வேரூன்றவே இல்லை. அமெரிக்காவில் அந்த நாட்களில் அந்த முடிச்சுதான் வியாபாரமே. கம்பெனி போனை அடக்க விலைக்கும் கீழே கொடுக்கும், பல சமயம் சும்மாவே கொடுக்கும். நீங்கள் 2 வருடம் மாதாமாதம் பில் கட்டுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் அறுத்துக்கொண்டு போனால் முன்முறிவுக் கட்டணம், அவர்கள் பாஷையில் இடிஎஃப்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது 8 ஜிபி மாடல் 599 டாலர். அடுத்த வருடம் ஐபோன் 3ஜி, 2 வருட ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்தது. மிச்ச விலையை ஏடி அண்ட் டி என்ற செல்போன் கம்பெனி ஏற்றுக்கொண்டது, மாதச் சந்தாவில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்றாம் மாதமே போனைத் தூக்கிக்கொண்டு போகிறவரிடம் நஷ்டத்தைக் கேட்காமல் இருக்க முடியுமா?

ஆனால் இந்த நியாயம் இரண்டு இடத்தில் இடிக்கும். போனின் விலை மாதச் சந்தாவுக்குள் ஒளிந்திருக்கிறது என்றால், 24 மாதம் முடிந்ததும் சந்தா இறங்க வேண்டும். இறங்காது. போனின் கடனை அடைத்து முடித்தவரும் அதே பில்லைத்தான் கட்டினார். இன்னொன்று, கட்டணம் நஷ்டத்துக்கு ஈடு என்றால், நாள் ஆக ஆக அது தேய வேண்டும். 2006 வரை பெரும்பாலும் தேயவே இல்லை. முதல் மாதம் போனாலும் 175, இருபத்திமூன்றாம் மாதம் போனாலும் 175. அந்த வருடக் கடைசியில் வெரைசன் என்ற கம்பெனி மாதத்துக்கு 5 டாலர் குறைக்க ஆரம்பித்தது, மற்றவர்கள் 2008இல் அதே வழிக்கு வந்தார்கள்.

தேய்மானம் வந்த கையோடு தொகையும் ஏறியது. 2009 நவம்பரில், ஸ்மார்ட்போன் போன்ற விலையுயர்ந்த கருவிகளுக்கு வெரைசன் கட்டணத்தை 175லிருந்து 350 ஆக்கியது. மாதம் 10 டாலர் கழியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 23 மாதம் ஒழுங்காகக் கட்டி, ஒரே ஒரு மாதம் பாக்கி இருக்கும்போது விலகினாலும் 120 டாலர். போனின் விலைதான் கணக்கு என்றால் இந்த 120 எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதையே எழுதிக் கேட்டது. அந்த டிசம்பரில் வெரைசன் அனுப்பிய பதிலில், இந்தக் கட்டணம் போனின் விலைக்கு மட்டும் இல்லை, விளம்பரச் செலவு, விற்பனைக் கமிஷன் எல்லாமே அதில் அடங்கும் என்றிருந்தது. மின்யான் க்ளைபர்ன் என்ற ஆணைய உறுப்பினர் இதைக் கேட்டு வெளிப்படையாகவே முகம் சுளித்தார். விலகிப் போகிறவன் தலையில் விளம்பரச் செலவைக் கட்டுவது, பந்தியில் பாதியில் எழுந்தவனிடம் பந்தல்காரன் கூலியையும் கேட்கிற கதை. ஆனாலும் 2010 ஜூனில் ஏடி அண்ட் டி 325க்குப் போனது.

கலிஃபோர்னியாவில் மட்டும் இது கொஞ்சம் உரக்கப் பேசப்பட்டது. அங்கே வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்குகள் ஓக்லண்ட் நகரை உள்ளடக்கிய அலமீடா கவுண்டி நீதிமன்றத்தில் நடந்தன. ஸ்பிரிண்ட் என்ற கம்பெனி மீதான வழக்கில், அதன் முன்முறிவுக் கட்டணம் சட்டப்படி செல்லாது என்று 2008இல் முடிவானது. அந்த மாநிலத்துச் சட்டப்படி, நஷ்டத்தை நேர்மையாக மதிப்பிட்டு வைத்த தொகை என்றால் வசூலிக்கலாம், பயமுறுத்தி உட்கார வைக்கும் அபராதம் என்றால் கூடாது. ஸ்பிரிண்ட் இந்தத் தொகையை வைத்ததே வாடிக்கையாளர் நழுவுவதைத் தடுக்கத்தான், நஷ்டத்தைக் கணக்குப் போட்டு வைத்தது இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. சுமார் 7.3 கோடி டாலர் சம்பந்தப்பட்ட உத்தரவு. அப்புறம் மேல்முறையீடு, கம்பெனியின் நஷ்டம் எவ்வளவு என்று மறுவிசாரணை என்று இழுத்தடித்தது தனிக்கதை. வெரைசன் தன் மீதான வழக்கை 2.1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

இந்த இழுபறியில் நான் ரசித்தது கம்பெனிகளின் இன்னொரு வாதம். அமெரிக்கச் சட்டப்படி செல்போன் சேவையின் விலையை மாநில அரசுகள் கட்டுப்படுத்த முடியாது. அதனால், முன்முறிவுக் கட்டணம் அபராதமோ நஷ்டஈடோ இல்லை, அதுவும் சேவையின் விலையில் ஒரு பகுதி, ஆகவே மாநில நீதிமன்றங்கள் இதில் தலையிடக் கூடாது என்று அவர்களுடைய சங்கம் 2005இல் எஃப்சிசியிடம் மனுப் போட்டது. கடையில் ஒரு பெயர், கவுன்டரில் ஒரு பெயர், கோர்ட்டில் ஒரு பெயர்.

இதற்கெல்லாம் நடுவே 2007இல் ஒரு கூத்து நடந்தது. ஸ்பிரிண்ட் தன் வாடிக்கையாளர்களில் சுமார் ஆயிரம் பேருக்குக் கடிதம் போட்டது: நீங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அளவுக்கு அதிகமாகப் போன் செய்கிறீர்கள், உங்கள் தேவையை எங்களால் நிறைவேற்ற முடியவில்லை, மாதக் கடைசியோடு இணைப்பைத் துண்டிக்கிறோம், முன்முறிவுக் கட்டணம் தள்ளுபடி. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த விடுதலை, புகார் சொல்லியே அலுக்க வைத்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

.002 சென்ட்

நாங்கள் ஊர் திரும்பிய அதே 2006இன் டிசம்பரில் அமெரிக்கா முழுக்க வயிறு வலிக்கச் சிரித்தது ஒரு போன் உரையாடலைக் கேட்டு.

கனடாவுக்குப் போகவிருந்த வெரைசன் வாடிக்கையாளர் ஒருவர், அங்கே டேட்டா பயன்படுத்தினால் எவ்வளவு என்று முன்ஜாக்கிரதையாகக் கேட்டுவைத்தார். ஒரு கிலோபைட்டுக்கு .002 சென்ட் என்றார்கள். போனார், வந்தார். 35,893 கிலோபைட் ஆகியிருந்தது. சொன்ன விலைப்படி 72 சென்ட் வர வேண்டும், ஒரு டாலர்கூட இல்லை. பில்லில் வந்தது 71 டாலர் 79 சென்ட். கம்பெனி போட்டது .002 டாலர் கணக்கு. சொன்னதோ .002 சென்ட். நூறு மடங்கு வித்தியாசம்.

அவர் போன் போட்டார். பேச்சைப் பதிவும் செய்தார். ஒரு டாலருக்கும் ஒரு சென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று எதிர்முனையில் கேட்டார். தெரியும் என்றார்கள். அரை டாலருக்கும் அரை சென்ட்டுக்கும்? அதுவும் தெரியும். அப்படியானால் .002 டாலருக்கும் .002 சென்ட்டுக்கும்? இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். மேற்பார்வையாளர் வந்தார், அவருக்கு மேலே இருந்தவர் வந்தார். எல்லோரும் கால்குலேட்டரில் 35,893ஐ .002 ஆல் பெருக்கினார்கள், 71.786 வந்தது, அதன் தலையில் டாலர் குறியைப் போட்டார்கள். .002க்குப் பின்னால் தாங்களே சொன்ன சென்ட் என்ற சொல் எங்கே போனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் பாட்டிமார் கையில் இந்த பில்லைக் கொடுத்திருந்தால், கால் பைசாவுக்கும் கால் ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாதவனை எவன் கல்லாவில் உட்கார வைத்தான் என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அந்த ஊழியர்கள் மீது கோபம் வரவில்லை. திரையில் .002 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வாய் தன்போக்கில் சென்ட் என்று சேர்த்துக்கொண்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பதிவு செய்யும் எண்ணமும் தசமப் புள்ளியில் பிடிவாதமும் இருந்த ஒருவர்தான் அந்த 71 டாலருக்காக மணிக்கணக்கில் மல்லுக்கு நின்றார். மற்ற எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியிருப்பார்கள்?

அடுத்தது இன்னும் சின்னத் தொகை. 1 டாலர் 99 சென்ட். அந்தக் காலத்து பட்டன் போன்களில் அம்புக்குறிச் சாவி ஒன்றை வெரைசன் இணையத்துக்கென்று ஒதுக்கியிருந்தது. சட்டைப்பையில் இருக்கும்போதோ, குழந்தை கையில் கிடைக்கும்போதோ அது அமுங்கினால் போதும், இணைப்பு ஒரு கணம் திறந்து மூடும். அந்த மாத பில்லில் 1.99. டேட்டா பிளானே வாங்காதவர்களுக்கும் வந்தது. நியூயார்க் டைம்ஸில் தொழில்நுட்பம் எழுதிய டேவிட் போக் 2009இல் இதைப் போட்டு உடைத்தார். எஃப்சிசி விசாரித்தது. 2010 அக்டோபரில் வெரைசன் அரசுக் கருவூலத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டவும், சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலரைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி மூன்றரை டாலர். மூன்றரை டாலருக்காக யார் ஐம்பது நிமிஷம் ஸாக்ஸபோன் கேட்பார்கள்? கேட்க மாட்டார்கள் என்பதால்தான் அது ஐந்து கோடி டாலராகச் சேர்ந்தது.

இதைவிட மோசம் 'கிராமிங்'. ஜாதகப் பலன், காதல் யோசனை, ரிங்டோன் என்று ஏதோ ஒரு கம்பெனி, நீங்கள் கேட்காமலே, உங்கள் செல்போன் பில்லில் மாதம் 9.99 டாலரைத் திணித்துவிடும். செல்போன் கம்பெனி அதை வசூலித்துக் கொடுத்து, தனக்குக் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். 2014இலும் 2015இலும் ஏடி அண்ட் டி 10.5 கோடி, டி-மொபைல் 9 கோடி, வெரைசன் 9 கோடி, ஸ்பிரிண்ட் 6.8 கோடி டாலர் என்று சமரசம் செய்துகொண்டன. நான்கும் சேர்ந்து 35 கோடி டாலருக்கு மேல். பில்லின் ஏழாவது பக்கத்தைப் படிக்காதவர்களின் காசு.

30 டாலர் 22 சென்ட்

இத்தகைய சின்னத் தொகைகளுக்கு ஒரே மருந்து, பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழக்காகப் போடுவது. அந்தக் கதவும் ஒரு செல்போன் பில்லாலேயே அடைபட்டது.

2002இல் கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி செல்போன் வாங்கினார்கள். போன் இலவசம் என்பது விளம்பரம். பில்லில் 30 டாலர் 22 சென்ட் வந்தது. என்ன என்று கேட்டால், போனின் முழு விலைக்கான விற்பனை வரி. இலவசப் பொருளுக்கு எதற்கு வரி, அது எப்படி இலவசம் என்பது அவர்கள் கேள்வி. 2006இல் வழக்குப் போட்டார்கள், அது இதே குறை உள்ள பலருக்குமான கூட்டு வழக்கோடு சேர்ந்தது. கம்பெனி தரப்பு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டியது: தகராறு என்றால் நடுவரிடம்தான் போக வேண்டும், அதுவும் தனித்தனியாக, கூட்டாக வரக் கூடாது. இப்படி ஒரு ஷரத்து அநியாயம், செல்லாது என்றது கலிஃபோர்னியாவின் சட்டம். வழக்கு வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏடி அண்ட் டி மொபிலிட்டி எதிர் கான்செப்சியன் என்று சட்டக் கல்லூரிகளில் இன்று பாடமாக இருக்கும் அந்தத் தீர்ப்பு 2011 ஏப்ரல் 27இல் வந்தது. ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஆண்டனின் ஸ்காலியா. நடுவர் தீர்ப்பாயம் பற்றிய 1925ஆம் வருடத்து மத்தியச் சட்டம் இருக்கும்போது மாநிலச் சட்டம் குறுக்கே வர முடியாது, ஷரத்து செல்லும்.

மாறுபட்டு எழுதிய ஸ்டீஃபன் பிரேயர், 30 டாலர் 22 சென்ட் வழக்குக்குப் புத்தியுள்ள எந்த வக்கீல் வருவார் என்று கேட்டார். எடிசன் வீட்டில் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். நான் கேட்டால் அது புலம்பல். ஒரு நீதிபதி கேட்டும் அது சிறுபான்மைக் கருத்தாகத்தான் பதிவானது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்த ஷரத்து செல்போனோடு நிற்கவில்லை. கிரெடிட் கார்டு, வேலை ஒப்பந்தம் என்று எங்கும் பரவியது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாரையாவது கேளுங்கள், தாங்கள் எத்தனை முறை 'ஐ அக்ரீ' தட்டியதில் கோர்ட்டுக்குப் போகும் உரிமையை எழுதிக் கொடுத்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

பூட்டு மாறியது

முன்முறிவுக் கட்டணத்தைக் கடைசியில் கொன்றது கோர்ட்டும் இல்லை, எஃப்சிசியும் இல்லை. நான்காவது இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி. 2013 மார்ச்சில் டி-மொபைலின் தலைவர் ஜான் லெஜர், இனி வருட ஒப்பந்தமே கிடையாது, போனின் விலை தனி, சேவையின் விலை தனி என்று அறிவித்தார். 2014 ஜனவரியில் ஒரு படி மேலே போய், மற்ற கம்பெனியிலிருந்து எங்களிடம் வந்தால் நீங்கள் அங்கே கட்ட வேண்டிய முன்முறிவுக் கட்டணத்தை, ஒரு இணைப்புக்கு 350 டாலர் வரை, நாங்களே தருகிறோம் என்றார். பூட்டைப் போட்டவர்களே பூட்டை உடைக்கக் காசு கொடுத்தார்கள். 2015 ஆகஸ்டில் வெரைசனும் 2016 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் 2 வருட ஒப்பந்தத்தைப் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கைவிட்டன.

அப்படியானால் இன்றைக்கு யாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாமா? போகலாம். இன்றைய ஏற்பாட்டை ஒரு உதாரணத்தில் பாருங்கள். 800 டாலர் போன் 'இலவசம்' என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத் தவணை, மாதம் 22 டாலர் 22 சென்ட். பில்லில் அந்தத் தவணை வரும், அதற்குக் கீழேயே அதே தொகை கழிவாகவும் வரும். கூட்டினால் பூஜ்யம். பன்னிரண்டாம் மாதம் விலகினால் கழிவு நின்றுவிடும், தவணை நிற்காது. மிச்சமிருக்கும் 24 தவணைகள், 533 டாலர் சொச்சம், ஒரே மூச்சில் கட்ட வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்க் கண்டிக்கப்பட்ட வெரைசனின் அந்த 350ஐவிட இது அதிகம். ஆனால் யாரும் இதை முன்முறிவுக் கட்டணம் என்று சொல்வதில்லை. இது வாங்கிய போனின் பாக்கி. அபராதமா நஷ்டஈடா என்று அலமீடா நீதிமன்றம் கேட்ட கேள்வியை இதனிடம் கேட்கவே முடியாது, கடனைத் திருப்பிக் கேட்பது எப்படி அபராதமாகும்? சொல்லப்போனால் பழையதைவிட இது நேர்மையானது, விலை கண்ணெதிரே இருக்கிறது. பழையதைவிட இது கெட்டிக்காரத்தனமானதும்கூட. 24 மாதம் சத்தமில்லாமல் 36 ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

போனையே வேறு கம்பெனி சிம் ஏற்காதபடி பூட்டி வைப்பது இன்னொரு பழைய வழக்கம். 2013 ஜனவரியில், கம்பெனியைக் கேட்காமல் புதுப் போனின் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டப்படி தவறு என்று ஆகிப்போனது. சொந்தப் போனைத் திறந்தால் குற்றமா என்று பெரிய கூச்சல் எழுந்து, 2014 ஆகஸ்டில் அதை மாற்றத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். 350 டாலர் கட்டி முடித்து விமானம் ஏறினோம். போன் இரண்டும் கைப்பையில் இருந்தன. அந்த வருடத்து மோஸ்தரான மடக்குப் போன்கள், சென்னையில் பயன்படும் என்று ஆசை. வீட்டுக்கு வந்து ஒரு உள்ளூர் சிம்மைப் போட்டதும் திரையில் ஒரு வரி வந்தது: தவறான சிம். காசையும் வாங்கிக்கொண்டு பூட்டைத் திறக்காமலே அனுப்பியிருக்கிறார்கள்.

ரிச்சி தெருவில், ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் உள்ளே நுழைய முடிகிற ஒரு கடை. இருபது வயது இருக்கும் பையன், போனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பின்மூடியைக் கழற்றி, பேட்டரிக்குக் கீழே இருந்த ஸ்டிக்கரைப் படித்தான். கம்ப்யூட்டரில் ஒரு வயரைச் செருகினான். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"ஒண்ணுக்கு முந்நூறு ரூபா சார். ரெண்டுக்கும் சேத்து ஐந்நூறு குடுங்க."

ரசீது கிடைக்குமா என்று, பழக்க தோஷத்தில், கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனை வாங்கக் கையை நீட்டினான்.